முதலில் தேத்தண்ணி, பிறகுதான் உண்டியல்

எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு ஒரு துணைக் குழு உண்டு. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று ஒரு சிறு கூட்டம். சம்பளம் இல்லை. ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நன்கொடை திரட்டி, நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. இந்த வருடம் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அதற்கு என்னிடம் கட்டுரை கேட்டு வந்தார் நஸீர் நானா. பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருப்பவர். குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் பொருளாளர்.

"மிஸ், லயத்துக்கு லயம் உண்டியலத் தூக்கிட்டுப் போற காலம் முடிஞ்சிருச்சின்னு நீங்களே எழுதிருங்க. அந்தப் பழக்கத்தத் தொடங்கினது நீங்க. நீங்க எழுதினா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அவர் கேட்காவிட்டால் நானே போய்க் கேட்டிருப்பேன். இப்போது குழுவின் செயலாளர் என் மகள் தர்ஷினி. உண்டியலைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறுகிறவள் அவள்.

ஆனால் எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்கிறது. எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். பல நேரம் அது மழையே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைக்கிறார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால், எழுதிய வரி யாரோ எழுதியது போல இருக்கிறது.

சரி, தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால் வெட்டினார். படித்தேன், பரீட்சை எழுதினேன், நிவித்திகலவுக்குப் போகும் பாதையில் உள்ள இந்தச் சிறு நகரத்துக்கு நூலக உதவியாளராக வந்தேன். புத்தகங்களுக்கு வகை எண் போடுவது, முதுகு கிழிந்ததைத் தைப்பது, இரவல் அட்டைகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் முதல் வருடத்திலேயே பழகிவிட்டது. ஒரு புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் மட்டுமல்லாமல், நூலகத்துக்கு மட்டுமே தெரிந்த ஓர் உள்பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும் என்பதை அறிந்த நாளில் மட்டும், ஏதோ பெரிய இரகசியத்தில் சேர்ந்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். மற்றபடி, வேலையை எனக்குக் கற்பித்தது அந்த நூலகத்தின் தலைவராக இருந்தவர் வேலை செய்த விதம்தான்.

குணசேகர சேர் சிங்களவர். நூலகத்துக்கு வரும் தமிழ்ப் பத்திரிகைகளைத் தினமும் வாசித்து வாசித்தே தமிழ் கற்றவர். ஆகையால் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் பத்திரிகைத் தமிழ். "தயவுசெய்து அமருங்கள். தாங்கள் தேடும் நூல் இரவலில் உள்ளது" என்பார். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். தலையில் கூடைக் கயிற்றின் தடம் மாறாமல் மகனுக்குப் புத்தகம் கேட்டு வந்த பெண்ணுக்கும் எழுந்து நின்றார், பிரதேச சபைத் தலைவருக்கும் அதே உயரத்துக்குத்தான் எழுந்து நின்றார். கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக நேராக்குவார். ஒரு யோசனை பிடித்திருந்தால் வாயால் சொல்ல மாட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொள்வார். அவர் பேனா மூடும் சத்தத்துக்காக நாங்கள் காத்திருப்போம்.

தமிழ்ப் பகுதி அப்போது ஒரேயொரு அலுமாரி. சபையின் ஒதுக்கீட்டில் தமிழுக்கும் பங்கு இருந்தது. ஆனால் வாசகர் தொகையைப் பார்த்துப் பிரிக்கும் பங்கு அது, அதனால் ஒரு தட்டுக்கூட நிறையாது. புத்தகம் இல்லாததால் தமிழ் வாசகர் வருவதில்லை, வாசகர் வராததால் புத்தகம் வருவதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதும் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய வினாத்தாள் தொகுப்பைக் கேட்டு வந்து, வெறுங்கையோடு பஸ்சுக்குத் திரும்புவார்கள். அதைப் பார்த்துத்தான் துணைக் குழு என்ற பேச்சு எழுந்தது. சேர் பேனாவை மூடினார்.

முதல் சுற்றுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனை. தோட்டத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. சேர் தாமே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பார்த்து அனுமதி வாங்கி வந்தார். சம்பளம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பால்மா டின்னின் மூடியில் பிளவு போட்டு, சுற்றிலும் காகிதம் ஒட்டி, அதில் குழுவினர் இரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். டின் என் கையில். எங்களோடு வங்கியில் வேலை செய்த மாலினி என்ற சிநேகிதியும் வந்தாள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் முதல் வாசல் செல்லம்மாவுடையது. கொழுந்து எடுக்கும் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவள், நல்ல உயரம். நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய், தட்டில் தேத்தண்ணித் தம்ளர்களோடு வந்தாள். ஓரத்தில் சிறு பீங்கானில் சீனி. அதை உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும்.

மாலினி இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தாள். "ஐயோ வேணாம்மா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்."

செல்லம்மா தம்ளரைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த டின்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுத் தேத்தண்ணி வேணாம். எங்க வீட்டுக் காசு மட்டும் இனிக்குதோ?"

அடுத்த வாசலில் இருந்தவள் சிரித்தாள். "விடு செல்லம்மா. அது டவுன் வயிறு, நம்ம தண்ணி ஒத்துக்காது." அதற்கடுத்த வாசலில் கதவு சாத்தும் சத்தம். பிறகு இன்னொரு கதவு.

எனக்கு அந்த வார்த்தை புதிதல்ல. எங்கள் லயத்துக்கும் ஓட்டுக் கேட்கிறவர்களும் காப்புறுதிக்காரர்களும் வருவார்கள். முற்றத்தில் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் தொடாத தம்ளரை அம்மா திரும்பப் பானையில் ஊற்றுவார். இப்போது நான் முற்றத்தில் நின்றேன், கையில் டின்னோடு.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த சேர் படியில் உட்கார்ந்தார். "அம்மா, எனக்கு மிகவும் தாகமாக உள்ளது. அந்தத் தேநீரை எனக்குத் தர இயலுமா?"

செல்லம்மாவின் வாய் பிளந்துவிட்டது. "என்ன மிஸ், இவரு ரேடியோ மாதிரி பேசுறாரு!"

லயம் முழுவதும் சிரித்தது. சாத்திய கதவுகள் திறந்தன, ரேடியோவைப் பார்க்க. சேர் குடித்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்ற நீரிழிவு இருந்தது எனக்கு மட்டும் தெரியும். உள்ளங்கையில் வாங்கிய சீனியை யாரும் பார்க்காத நேரத்தில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லா வாசலிலும் அப்படியே செய்தார். திங்கட்கிழமை அந்தப் பையைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது.

"மிஸ், உண்டியலைப் பைக்குள் வைத்துவிடுங்கள்" என்றார் தாழ்ந்த குரலில். "இன்று நாங்கள் தேநீர் குடிக்க மட்டுமே வந்தோம்."

அப்படியே வாசலுக்கு வாசல் குடித்தோம். மாலினியும் குடித்தாள், முகம் வெளுத்துப்போய். இறங்கும் வழியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சரோஜா, பக்கத்துல எங்கயாச்சும்..." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் மறுத்தது அந்த வீட்டை அல்ல. மேல் டிவிசனுக்கு ஏறினால் நகரத்துக்குத் திரும்பும்வரை ஒரு பெண் ஒதுங்க இடமில்லை என்று பயந்து, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறாள். திரும்பி ஓடி, செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவின் கக்கூஸ் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இதுக்குத்தானா? அதை வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா, நோனா! நானும் வாயை விட்டுட்டேனே."

அடுத்த மாதமும் அதே ஞாயிறு ஏறினோம். டின் பைக்குள்ளேயே இருந்தது. குடித்து முடித்துத் தம்ளரை வைத்ததும் செல்லம்மா கையை நீட்டினாள். "தேத்தண்ணி குடிச்சாச்சு. டின்னு எங்க?"

அந்த வாரக் கூட்டத்தில் நான் ஒரு விதி சொன்னேன். எந்த லயத்துக்குப் போனாலும், எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும், உட்கார்ந்து குடிக்க வேண்டும். முதலில் தேத்தண்ணி, பிறகுதான் உண்டியல். டின்னை நாமாக எடுக்கக் கூடாது. அவர்கள் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். சேர் பேனாவை மூடினார்.

இந்த விதியால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு டிவிசனை முடிக்க ஒரு பகல் முழுவதும் போகும். வேகமாகக் காரியம் முடிக்க நினைத்தவர்கள் சத்தமில்லாமல் விலகினார்கள். "மிஸ், இது நூலகக் குழுவா, தேத்தண்ணிக் குழுவா?" என்று நஸீர் நானா கேட்பார். கேட்டுக்கொண்டே அடுத்த வாசலில் உட்காருவார்.

உண்டியலைத் திறப்பதற்கும் சேரிடம் ஒரு முறை இருந்தது. யார் வீட்டிலும் திறக்கக் கூடாது. வாசிப்பு மேசையில், பத்திரிகை படிக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையெழுத்திட்ட இருவரும் காகிதத்தைக் கிழித்துத் திறக்க வேண்டும். அப்போது அவர் பக்கத்தில் நிற்பார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அரசாங்க உத்தியோகத்தர் கை அந்தக் காசில் படக் கூடாது. என்னையும் அப்படியே நிற்க வைத்தார். வாசகர்கள் கேட்டும் இல்லாத புத்தகங்களையே வாங்க வேண்டும். நஸீர் நானா கடைக்குத் துணி எடுக்கக் கொழும்புக்குப் போகும்போது வாங்கி வருவார். புத்தகம் வந்த பிறகுதான் சேர் கைகளை முன்னால் கொண்டுவருவார். பதிவெண், முகப்பு முத்திரை, உள்பக்க முத்திரை. கடைசியாக முன்னட்டையின் உட்புறத்தில் ஒரு சிறு துண்டு ஒட்டுவோம்: 'கொடுத்தவர்கள்: மேல் டிவிசன் மக்கள்'. தனி ஆளின் பெயர் கிடையாது. ஐந்து ரூபாய் போட்டவரும் ஐந்நூறு போட்டவரும் அந்த ஒரே வரிக்குள்தான்.

முதல் தடவை வினாத்தாள் தொகுப்பை இரவல் வாங்கிய மேல் டிவிசன் மாணவி அந்தத் துண்டைப் பார்த்து, "எங்க டிவிசன்! இங்க பாருங்க, எங்க டிவிசன்!" என்று வாசிப்பு மேசையைச் சுற்றி எல்லோருக்கும் காட்டினாள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது. சேர் எழுந்து நின்றார், நான் பயந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த ஒரு அலுமாரி பிறகு ஒரு சுவர் ஆனது. சேர் ஓய்வுபெற்றார், காலமானார். மாலினி கனடாவில் இருக்கும் மகனிடம் போனாள். நான் ஐம்பத்தைந்து முடிந்ததும் ஓய்வு எடுத்தேன். என் கணவர் கொழும்பில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நானும் மகளும்தான். ஆசிரியையாகி, ஞாயிறுகளில் உண்டியலை அவள் ஏற்றுக்கொண்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி வருவதைத்தான் எழுத முடியாமல் ஒரு வாரமாக எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

அன்று காலையில் நல்ல வெயில். தர்ஷினி நஸீர் நானாவின் வேனில் போனாள். வேன் லயம்வரை போகாது. கீழே வளைவில் நிற்கும், அங்கிருந்து மலைச்சரிவில் நடைபாதை. மத்தியானத்துக்குப் பிறகு மழை இறங்கியது. எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை. நான்கு மணி தாண்டி என் போன் அடித்தது. டிரைவர்.

"மிஸ், பாதை இல்ல."

"பாப்பா எங்க?"

"தெரியல மிஸ்."

அவ்வளவுதான். பிறகு போன் வேலை செய்யவில்லை. விடியும்வரை நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் பக்கத்து வீட்டார் பார்த்தபோது நான் ரோட்டில் நின்றிருந்தேனாம், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

மறுநாள் முற்பகல், பக்கத்துத் தோட்டத்து இறப்பர் காட்டைச் சுற்றி நடந்து, முழங்கால்வரை சிவப்பு மண்ணோடு அவள் வந்து சேர்ந்தாள். நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நடைபாதைக்குப் பக்கத்து வாசல் என்பதால், எங்கள் சுற்று எப்போதும் செல்லம்மா வாசலில்தான் முடியும். அன்றும் கடைசியாக அங்கே வந்திருக்கிறாள். மழை கனத்துக்கொண்டிருந்தது. "பெரியம்மா, இன்னைக்கு வேணாம். டிரைவர் அண்ணன் காத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிக் குடையை விரித்திருக்கிறாள்.

"உங்கம்மா போட்ட சட்டம் பாப்பா. எனக்கு மட்டும் மீறுவியா? உக்காரு."

குடையை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க இருந்ததாம். ஊதிக்கொண்டிருந்தபோது லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் நடைபாதை இருந்த இடத்தில் வெறும் மண், அதுவும் நகர்ந்துகொண்டு. எல்லோரும் பிள்ளைகளையும் முடியாதவர்களையும் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு ஏறியிருக்கிறார்கள். அடுத்த நாள் லயத்தின் பாதியும் இறங்கிவிட்டது. உயிர் ஒன்றும் போகவில்லை. கேட்கிறவர்களிடம் எல்லோரும் அந்த வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த விதி இல்லாவிட்டால் அவள் மழைக்கு முன்பே இறங்கி, வீட்டில் என்னோடு சோறு சாப்பிட்டிருப்பாள். விதி இருந்தும், அந்தக் கடைசித் தேத்தண்ணியை மட்டும் மறுத்திருந்தால், அவள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்திருப்பாள். இரண்டும் உண்மை. ஒன்றை நினைத்துக் கண்ணை மூடினால் மற்றது எழுப்பிவிடுகிறது. என் மகளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும் என் வாய்தான், உட்கார வைத்ததும் என் வாய்தான். செல்லம்மாவைப் போய்ப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேனா, சண்டை பிடிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் நஸீர் நானா சொன்னார்: "இனி மலைக்குப் போக வேணாம். ஒரு கியூ.ஆர். அட்டை அடிச்சு ஒவ்வொரு கடையிலயும் ஒட்டுவோம். போனால பிடிச்சா காசு வந்துரும். தோட்டத்து ஆக்களும் போன் வச்சிருக்காங்க."

"போன் தேத்தண்ணி குடிக்காதே நானா" என்றாள் தர்ஷினி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "குடிக்காட்டி என்ன? காசு வரணும், புத்தகம் வரணும். வேற என்ன வேணும்?" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, யாரோ தெரியாதவரைப் பார்ப்பது போல இருந்தது. முடிவு மலர் வெளியாகும் நாள் பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன் என் கட்டுரை வர வேண்டும் என்றார் நானா.

எழுதினேன். இது அல்ல, இதற்கு முந்தியது. அது நல்ல கட்டுரை. மண்சரிவு அபாயம், நேர விரயம், இக்கால வசதி. எல்லாக் காரணமும் சரியாக இருந்தது. அதில் ஓரிடத்திலும் பொய் இல்லை.

போன ஞாயிறு காலை தர்ஷினி வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, என் ரெயின்கோட் எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"சாமிப் படத்துக்குப் பின்னால ஏன்மா சுருட்டி வச்சிருக்கீங்க?"

மேசையில் ஒரு புது மண்ணெண்ணெய்க் குக்கர், கேத்தல், தேயிலைத் தூள், சீனி. எங்கே போகிறாள் என்று கேட்டேன். மேல் டிவிசன் குடும்பங்களை நகரத்து ஓரத்தில் ஒரு பாடசாலையில் தங்கவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து செல்லம்மா போன் செய்திருக்கிறாள்: 'இந்த மாசம் வராதீங்க பாப்பா. சோத்துப் பார்சல் குடுக்குறாங்க, அடுப்பு இல்ல. வந்தா குடுக்க ஒண்ணும் இல்ல.'

"அதான் அடுப்புக் கொண்டு போறேன்" என்றாள்.

"அந்த ஸ்கூல் சமதரையா?"

"சமதரைதான்."

"பின்னால மலை இருக்கா?"

"இரத்தினபுரி மாவட்டத்துல பின்னால மலை இல்லாத ஸ்கூல் எங்கம்மா இருக்கு?"

நானும் வேனில் ஏறினேன். மலையைப் பார்க்கத்தான் ஏறினேன், வேறு எதற்கும் அல்ல. உண்டியலைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள் தர்ஷினி. இந்த நிலையில் இருப்பவர்களிடம் அதைக் காட்டுவது அசிங்கம் என்று இருவருக்கும் தோன்றியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம்.

வகுப்பறைகளைச் சேலை கட்டிப் பிரித்திருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைச் சேர்த்துப் படுக்கை. கரும்பலகையில் ஏதோ ஒரு வகுப்பின் கணக்கு அழியாமல் இருந்தது. செல்லம்மா தாழ்வாரத்தில் நின்றாள். முடி முழுவதும் நரைத்திருந்தது. உயரம் மட்டும் குறையவில்லை.

"அடியே, லைப்ரரி மிஸ்ஸு! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

கும்பிடவும் இல்லை, சண்டையும் பிடிக்கவில்லை. "எப்படி இருக்கீங்க அக்கா?" என்றேன், ஏதோ கடைத்தெருவில் சந்தித்தது போல.

தர்ஷினி குக்கரைப் பற்றவைக்கக் குனிந்தாள். செல்லம்மா அவளை இடுப்பால் இடித்துத் தள்ளினாள். "நகரு. என் வீட்டு அடுப்பு இது." தம்ளர் இல்லை, பக்கத்துச் சேலைக்கு அப்பால் போய் இரவல் வாங்கி வந்தாள். தாழ்வாரத்தில் ஒரு வாங்கைத் துடைத்து எங்களை உட்கார வைத்தாள். உள்ளங்கையில் சீனி வைத்தாள்.

முதல் வாய் குடிப்பதற்குள் பாடசாலைக் கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. இந்த முறை அரிசி புடைக்கும் சத்தம் அல்ல. என் உடம்பு தானாக எழுந்தது. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தேன். மூட்டத்தில் அது தெரியவில்லை. வேன் ஹோர்ன் அடித்தது. தர்ஷினி அசையாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க மிஸ். சூடா இருக்கு, மெதுவா குடிங்க."

உட்கார்ந்தேன். அப்போது கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்குப் பாப்பாவை ஏன் இருக்கச் சொன்னீங்க? மலையில ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா? மலைக் கான்ல ஓடுற தண்ணி கலங்கி வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் தெரியல மிஸ்."

"பின்ன ஏன்?"

"ஏன்னா?" அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "தண்ணி கொதிச்சிருச்சு. தேத்தண்ணி போட்டுட்டேன்ல."

இத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்து நான் தேடியதற்குப் பதில் அவ்வளவுதான். அதில் கும்பிடவும் ஒன்றும் இல்லை, சண்டைக்கும் ஒன்றும் இல்லை. நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். மழை கனத்தது. பயம் போகவில்லை, பயத்தோடேயே குடித்தேன்.

தம்ளரைக் கீழே வைத்ததும் அவள் கையை நீட்டினாள்.

"தேத்தண்ணி குடிச்சாச்சு. டின்னு எங்க?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். பாதித் தம்ளர் இன்னும் அவள் கையில் இருந்தது. "பெரியம்மா, இன்னைக்கு நாங்க அதுக்கு வரல. நீங்க இருக்கிற நிலமையில..."

செல்லம்மாவின் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால், நான் டின்னோடு முற்றத்தில் நின்றபோது பார்த்த அதே முகம்.

"ஓ. எங்க தேத்தண்ணி இனிக்குது. எங்க காசு மட்டும் கசக்குதோ?"

பக்கத்துச் சேலையை விலக்கி இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, மடித்த ஒரு தாளை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"மிஸ், மேல இனி லயம் கட்ட மாட்டாங்களாம். ஒருத்தரையும் ஏற விட மாட்டாங்களாம். ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு எடத்துக்குப் பிரிச்சு அனுப்பப் போறாங்களாம். நீங்க புத்தகத்துல ஒட்டுவீங்கல்ல, எங்க டிவிசன் பேரு? அது இன்னும் ஒட்டுவீங்கதானே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப டின்னைக் கொண்டு வாங்க."

நான் எழுந்தேன். வேன் மைதானத்தின் அந்தப் பக்கம் நின்றது. இடையில் வெறும் மழை. தர்ஷினி தம்ளரோடு அரைகுறையாக எழுந்தாள்.

"அம்மா, நனையாதீங்க. நான் போய் எடுத்துட்டு வர்றேன்."

"நீ குடிச்சு முடி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.